வெப்பம் அறுபத்தொன்று, கடிகாரம் சரி

கூட்டாஞ்சோற்றின் அறுபத்தொன்றாம் பதிப்பு வெளிவர இன்னும் பதினொரு நாள் இருந்தது. முப்பத்திரண்டு பிட் ரகத்தில் மாநிலம் முழுவதிலும் பொது வேலையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கணினி. அந்த ஒன்றுக்காகத்தான் நான் மூன்று வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டாஞ்சோறு என்றதும் சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். அது கணினியை இயக்குகிற மென்பொருள். உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள், ஆளுக்கொரு பிடி அரிசி போடுவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்க்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திரும்பக் கொடுக்கலாம். நான் வேலை பார்க்கும் பாளையங்கோட்டை மையத்தில் எங்கள் பக்கத்துக்கென்று சமைத்த பதிப்புக்கு யாரோ விளையாட்டாக அந்தப் பேரை வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

சில்லுப் பஞ்சம் வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டதில், உலகத்துக்கே சில்லு செய்து கொடுத்த ஆலைகள் மண்ணோடு போயின. திரும்பக் கட்டுவார்கள் என்றார்கள். கட்டவில்லை, கட்டத் தெரிந்தவர்களும் மிஞ்சவில்லை. இப்போது எனக்கு ஐம்பத்தாறு. அன்றைக்கு இருந்த கணினிகளை வைத்துத்தான் இன்றைக்கும் ஆஸ்பத்திரி, ரயில், ரேஷன், கடல் எல்லாம் ஓடுகிறது. மனிதர்களாவது பிள்ளை பெற்றுப்போட்டுவிட்டுச் சாகிறார்கள். கணினி சும்மா சாகிறது.

ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. "இனி ஆதரவு இல்லாதவை" என்று தலைப்பு. எந்த ரகக் கணினிக்குப் புதுப் பதிப்பு கிடையாதோ அது அந்தப் பட்டியலில் வரும். ஆதரவு போனால் அந்தக் கணினியை எந்தப் பொதுக் காரியத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். பதினேழு வருடமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தில் நூலகங்கள் மூடியிருக்கின்றன. ஒரு ரத்த வங்கி மூடியிருக்கிறது.

மிஞ்சியிருந்த ஒன்று சங்குமுனையில் இருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குடியிருப்பு, நாற்பத்து மூன்று வள்ளங்கள். வள்ளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, அரை மணிக்கொரு தரம் இருக்கிற இடத்தைச் சொல்லும். கரையிலிருக்கும் கணினி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வள்ளம் பதில் சொல்லாவிட்டால் சங்கு ஊதும், பக்கத்து வள்ளங்களைத் திருப்பும். கடல்காவல் கணினி இல்லாத ஊரில் வள்ளம் இறக்க அனுமதி இல்லை. ஆக, நான் கையெழுத்துப் போட்டால் மறுநாள் முதல் நாற்பத்து மூன்று வள்ளமும் மணலில்.

"போட்டுருங்க ஐரின்க்கா," என்றான் கோமதிநாயகம். மையத்தின் பொறுப்பாளர். எனக்கு எட்டு வயது இளையவன், எனக்கு மேலதிகாரி, நல்லவன். "ஒத்த மெஷினுக்காக வருசத்துல நாலு மாசம் போவுது உங்களுக்கு. கையப் பாருங்க."

என் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டு தரம் அறுவை. முப்பத்திரண்டு பிட் பகுதியை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டவர் போலந்தில் ஒருத்தர், நேரில் பார்த்ததில்லை. போன வருடம் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அலுத்துவிட்டது, தோட்டம் போடப் போகிறேன் என்று. நான் அந்த வரியை அச்செடுத்து மேசை மேல் ஒட்டிவைத்திருந்தேன். பொறாமையில்தான்.

"அறுபத்தொண்ணு அதுல ஏறுமாக்கா?"

"நினைவகம் பத்தாது. எச்சரிக்கைகள வெட்டியாச்சு, எழுத்துருவ வெட்டியாச்சு. இன்னும் வெட்டுனா எலும்புதான் மிஞ்சும். சோதனைப் பெட்டியில ஆறு நாளா ஓட்டிட்டிருக்கேன். ஏறிடும்னு நினைக்கேன்."

சோதனைப் பெட்டி என்பது என் மேசைக்கு வலப்பக்கம் நிற்கிற சாம்பல் நிறக் கணினி. சங்குமுனையில் இருப்பதன் உடன்பிறப்பு. அதே ரகம், அதே சில்லு. எந்தப் பதிப்பையும் முதலில் அதில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவேன். அங்கே உடைவது இங்கே முதலில் உடையட்டும் என்று.

அந்த வாரம்தான் ஆயுத பூசை வந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு ஆயுத பூசை வெறும் சடங்கு இல்லை, அரசாணை. வருடத்தில் ஒரு நாள் மாநிலத்திலுள்ள அத்தனை கணினியும் அணைய வேண்டும். தூசி தட்டி, கடிகார பேட்டரி பார்த்து, விசிறிக்கு எண்ணெய் விட்டு, ஓய்வு. அன்றைக்கு வள்ளமும் கடலுக்குப் போகாது. நான் ஞாயிறு தவறாமல் ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் எங்கள் மையத்துக் கணினிகளுக்குப் பொட்டு வைப்பது நான்தான். எண்ணெயில் குழைத்த குங்குமம், பக்கவாட்டுத் தகட்டில் வருடத்துக்கு ஒன்று. போன வருடப் பொட்டை அழிக்கக் கூடாது, அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். துடைத்தாலும் கறை போகாது. ஒரு கணினி எத்தனை வருடமாக ஓரிடத்தில் இருக்கிறது என்று பார்க்க எந்த ஊர்க் காப்பாளரும் பதிவேட்டைத் தேட மாட்டார், பொட்டை எண்ணுவார். சோதனைப் பெட்டிக்கு அன்று நான் வைத்தது ஒன்பதாவது.

பொரியும் கடலையும் சாப்பிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை எல்லாவற்றையும் எழுப்பினேன். முந்தின நாள் செய்தி எதுவும் இருக்காது. இருக்க முடியாது, அனுப்ப எந்தக் கணினியும் விழித்திருக்கவில்லை.

ஒன்று இருந்தது. பூசைக்கும் அணையாத அலைக்கோபுரம் பிடித்து வைத்திருந்தது. சங்குமுனையிலிருந்து, ஆயுத பூசையன்று காலை ஆறு இரண்டுக்கு.

"பதிப்பு 60. வெப்பம் 61. நினைவகத்தில் மீதி 488. கடிகாரம் சரி. கடல் அமைதி."

"அணைக்காம விட்டுட்டாரு போல," என்றான் கோமதிநாயகம். "அதுக்கே நோட்டீஸ் விடலாம்."

 அந்தக் கிழட்டுக் கணினிக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அந்த ஒரு நாள்தான். அதைக்கூடக் கொடுக்காத ஆளுக்காகவா நான் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டிருக்கிறேன்? போன சித்திரையில் வெப்பம் எழுபத்து நாலு என்று வந்தபோது பயந்துபோய், மின்சாரம் குறைவாகத் தின்னும்படி இரண்டு மாதம் உட்கார்ந்து பாதி நிரலைத் திருத்தியிருக்கிறேன். நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அங்கேயே பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று பையில் பேனாவோடு பஸ் ஏறினேன்.

சங்குமுனையில் இறங்கும்போது உச்சி வெயில். கடல்காவல் அறை கரையை ஒட்டி, தகரக் கூரையோடு இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்குரல்.

"சூசையப்பர்... சூசையப்பர்... எங்கன நிக்கிய?"

ரேடியோ கரகரத்தது. "பதினாலு பாகம் ஆழத்துல நிக்கோம்க்கா. பாறைக்கு வடக்க."

"சரி. அடுத்தாப்புல கடல்தாரகை. கடல்தாரகை, கேக்குதா?"

வாசலில் நின்றேன். ஐம்பதைத் தொட்ட ஒரு பெண், ஒரு கையில் ரேடியோவின் மைக்கும் மறு கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் ஒரு பெரிய ஒட்டுப்பலகை. அதில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்கொரு ஆணி, ஆணிகளில் அட்டைத் துண்டுகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வள்ளத்தின் பேர். பதில் வர வர, எழுந்து அட்டையை ஓர் ஆணியிலிருந்து இன்னோர் ஆணிக்கு மாற்றினாள். நோட்டில் எழுதினாள். உட்கார்ந்தாள். மூலையில் பாயில் ஒருவர் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காப்பாளர் சந்தியாகு பர்னாந்து. படத்தில் பார்த்திருக்கிறேன், அதைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தார்.

கணினி சுவரோரம் மேசை மேல் இருந்தது. துடைத்து, காய்ந்த சாமந்தி மாலை போட்டு, தகட்டில் பொட்டு வரிசையோடு சுத்தமாக இருந்தது. விசிறிச் சத்தம் இல்லை.

நேரே போய் அதன் மேல் கையை வைத்தேன். அறுபத்தொன்றில் இருக்க வேண்டிய பெட்டி சுவரைப்போலக் குளிர்ந்திருந்தது.

அந்தப் பெண் மைக்கைக் கீழே வைத்தாள். "யாரு நீங்க?" என்று கேட்கவில்லை. கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள், ரொம்ப நாளாக எதிர்பார்த்த மழை வந்துவிட்டதுபோல. "ஏங்க, எந்திரிங்க," என்றாள் பாயைப் பார்த்து. "மையத்துல இருந்து வந்திருக்காவ."

சந்தியாகு எழுந்தார். என்னைப் பார்த்தார், என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப செத்துச்சு?" என்று கேட்டேன்.

"மூணு வருசம் ஆவுதும்மா. கார்த்திகை மழையில. உப்புக் காத்து உள்ள போயி பச்சையாப் பூத்துட்டு."

"மூணு வருசமா எனக்கு அறிக்கை அனுப்புனது யாரு?"

"நான்தான். இந்தா இந்த போன்ல அடிச்சு விடுவேன். பழைய அறிக்கையப் பாத்து அதே மாதிரி."

"வெப்பம் அறுபத்தொண்ணு?"

"முன்ன அப்பிடித்தான் வரும். கோடையில கொஞ்சம் கூட்டிப் போடுவேன். நமக்கே இப்பிடி வேவுதே, அதுக்கும் சூடா இருக்கும்லான்னு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, கத்தினேன். இரண்டு மாதம் நான் தூங்காமல் திருத்தியது இவருக்கு வேர்த்ததற்காகவா என்று கத்தினேன். உலகத்தில் ஒருத்தனும் சீந்தாத ரகத்துக்கு நான் ஒருத்தி உட்கார்ந்து பதிப்புப் பதிப்பாகச் சமைத்தது ஒரு பிணத்துக்குச் சோறு ஊட்டவா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரேடியோவில் யாரோ கூப்பிட்டார்கள். அந்தப் பெண், அவர் மனைவி ரெஜினா, என்னைப் பார்த்துக் கையால் கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, "சொல்லுங்க மாதரசி" என்றாள். அந்த வள்ளத்தின் அட்டையை மாற்றினாள். பிறகு, நீங்கள் தொடரலாம் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எப்படிக் கத்துவது? உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு பதிப்பும் வரும்போது வாங்கி வச்சிருக்கோம்க்கா," என்றாள் ரெஜினா. மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். நான் அனுப்பிய சேமிப்புக் குச்சிகள் காகிதம் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பேன். பழசே நல்லா ஓடிட்டுதான இருந்துச்சு, எதுக்குப் புதுசு புதுசா அனுப்புறிய? நீங்க சும்மா இருந்திருக்கலாம்லா?"

"சும்மா இருக்க விட மாட்டாங்கம்மா. கோபுரம், வானிலை, பக்கத்து ஊரு மெஷின் எல்லாம் வருசா வருசம் பேச்ச மாத்திக்கிடும். பழைய பதிப்புக்கு அவங்க பேசுறது புரியாது. அதுவும் போக, வீட்டுப் பூட்டு பழசு, திருடன் புதுசு. பூட்ட மாத்தலன்னா எவனாச்சும் உள்ள புகுந்து, இல்லாத வள்ளத்த இருக்குன்னு சொல்ல வச்சிருவான். புதுச் சட்டை, ஆனா பழைய உடம்பு. ஒவ்வொரு தரமும் தையலப் பிரிச்சுப் பிரிச்சு அந்த உடம்புக்குப் போட்டு விடணும். அதான் என் வேலை."

"நாங்க செய்யுறதும் அப்பிடித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்தாள்.

சந்தியாகு மெதுவாகச் சொன்னார். கணினி நின்ற அன்றைக்கே ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே பக்கத்து ஊரான மணல்மேட்டில் கணினி செத்ததைச் சொல்லிவிட்டார்கள். மறுவாரமே காவலை மூடி, வள்ளங்களுக்கு முத்திரை வைத்து, இப்போது அந்த ஊரில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். அதனால் சங்குமுனை சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வள்ளமும் அரை மணிக்கொரு தரம் வாயால் இடத்தைச் சொல்லும், கணவனும் மனைவியும் மாறி மாறிக் கேட்பார்கள் என்று முடிவு.

"மெஷின் செய்யுறதத்தானம்மா நாங்களும் செய்யுதோம்."

"எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணாச்சி."

"போட்டேனே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நின்ன அன்னைக்கே போட்டேன். ஊரு பேரு சொல்லல. இந்த ரகம் செத்துப்போச்சுன்னா வேற கிடைக்குமான்னு மட்டும் கேட்டேன். ஒரு அம்மா பேசுனாவ. 'கிடைக்காது அண்ணாச்சி, இருக்கத பத்திரமா வச்சுக்கிடுங்க'ன்னு சொன்னாவ. அவியளும் பாவம், ரொம்ப அசதியாப் பேசுனாவ."

எங்கள் மையத்தில் பெண் நான் ஒருத்திதான். நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள், பத்துப் பேருக்கும் அதே பதில். யார், எந்த ஊர், எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் கதையைச் சொல்வார்கள்; கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது.

"மெஷின் தூங்காது அண்ணாச்சி," என்றேன் கடைசியாக. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னதுதான். சொன்னதும் ரெஜினாவின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். அவள் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "காப்பி வாங்கியாரேன்" என்று வெளியே போனாள்.

அவள் போன பிறகு அவர் பலகையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஓர் அட்டை தனியாக, எந்தக் கட்டத்திலும் சேராமல் தொங்கியது. இஞ்ஞாசி என்று எழுதியிருந்தது.

"ரெஜினாவுக்குத் தம்பி. ஒத்தாளு வள்ளம். போன ஆடியில அவளுக்குக் காச்சலு, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன். மூணு நாளா நான் ஒருத்தன்தான் இங்கன. மத்தியானம் சாப்புட்டு உக்காந்தேன், கண்ணசந்துட்டு. முழிச்சுப் பாக்கேன், நோட்டுல ரெண்டு வரிசை வெள்ளையாக் கெடக்கு. எல்லாரையும் கூப்புட்டேன். நாப்பத்தி ரெண்டு பேரு பேசுனாவ." நிறுத்தினார். "வள்ளத்த ரெண்டு நாள் கழிச்சு மணப்பாடு பக்கம் எடுத்தாவ. அவன் அதுல இல்ல."

"ரெஜினா?"

"நான் தூங்குனது அவளுக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. மெஷின் இருந்திருந்தா அரை மணியில சங்கு ஊதியிருக்கும். வேற மெஷின் கிடைக்காதுன்னு ஆன பொறவு என்ன செய்யன்னு அவளே மனசத் தேத்திக்கிட்டா. அந்த நினைப்பு ஒண்ணுலதான் அவ நிக்கா, பாத்துக்கிடுங்க."

காப்பி வந்தது. குடித்தேன். பேனா பையிலேயே இருந்தது. "ஆயுத பூசையன்னைக்கு எதுக்கு அண்ணாச்சி அறிக்கை அனுப்புனிய?" என்று கேட்டேன், கிளம்பும்போது.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அன்னைக்கு லீவுன்னு தெரியும்மா. மெஷினுக்குப் பொட்டு வச்சு மாலை போட்டதே நான்தான். ஆனா வெள்ளன முழிப்பு வந்துச்சா, கை பாட்டுக்கு அடிச்சு விட்டுட்டு. எனக்கு லீவுன்னு எனக்குத் தோணல."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உப்பளங்கள் கண் கூசின. தூத்துக்குடி தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. உறைத்ததும் இறங்கி நடந்தே போய்விடலாம் போல இருந்தது.

சோதனைப் பெட்டி எதற்கு இருக்கிறது? சங்குமுனைக் கணினிக்கு அனுப்புவதைச் சோதிக்க. சங்குமுனைக் கணினியே இல்லை என்றால் சோதனைப் பெட்டிக்கு வேலை இல்லை. ரகம் ஒன்று, சில்லு ஒன்று. அவர்களுடைய ரேடியோ அட்டையைப் பிடுங்கி இதில் செருகினால் அன்றைக்கே சங்கு ஊதும். அன்றைக்கு அந்தப் போனில் நான் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் பயப்படாமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாளே காரில் ஏற்றி அனுப்பியிருப்பேன். மூன்று வருடம். என் வலது கை எட்டுகிற தூரத்தில், செத்துப்போன ஒன்றுக்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டு, அது இருந்திருக்கிறது. போன ஆடியிலும் இருந்திருக்கிறது.

கோமதிநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"சட்டப்படி காவல மூடணும்க்கா. பொய் அறிக்கைக்கு கேஸும் போடணும்."

"போடு. கூடவே, விசாரிக்காம பதில் சொன்னதுக்கு என் மேலயும் ஒண்ணு போடு."

"விளையாடாதீங்க. சோதனைப் பெட்டிய குடுத்துட்டா இனி வர்ற பதிப்ப எதுல சோதிப்பீங்க?"

"எதுலயும் இல்ல. நேரா கடல்லதான். அதனால இன்னும் பத்து மடங்கு பாத்துச் சமைக்கணும்."

"இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா நாளைல இருந்து நீங்க ஃப்ரீ. போலந்துக்காரரு மாதிரி தோட்டம் போடலாம்."

மேசை மேல் ஒட்டியிருந்த வரியைப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் கை, என் கண், என் மிச்ச வருடங்கள். இதுவரை இல்லாத கணினிக்கு உழைத்தேன். இனி இருக்கிற கணினிக்கு உழைக்க வேண்டும், அதுவும் தனியாக, சோதித்துப் பார்க்க வழியில்லாமல். அலுப்பில் அழுகை வந்தது. அழுதுவிட்டுப் பதிவேட்டை இழுத்து எழுதினேன்: சங்குமுனை, பழுது நீக்கம், பாகம் மாற்றப்பட்டது.

கோமதிநாயகம் எட்டிப் பார்த்தான். "எந்தப் பாகம்னு கேட்டா?"

"பெட்டி முழுக்கன்னு சொல்லு."

அவன் கீழே கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை சந்தியாகு மையத்துக்கு வந்தார். வெளுத்த சட்டை, தோளில் துண்டு, கட்டிக்கொண்டு போக ஒரு பெரிய மஞ்சள் பை. ரெஜினா ரேடியோவை விட்டு வர முடியாது என்றார். சோதனைப் பெட்டியைத் துடைத்து மேசை நடுவில் வைத்திருந்தேன். அறுபத்தொன்றை ஏற்றி, அவர் பார்க்க ஒரு தரம் ஓட விட்டேன். விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"சூடு வருதும்மா," என்றார்.

"வரும். இனி வெப்பத்த நீங்க எழுத வேண்டாம். அதுவே சொல்லும்."

"இந்த ரகம் எங்கயுமே இல்லன்னாவளே. இது எப்பம்மா வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "போன வாரம் அண்ணாச்சி. சென்னையில ஏதோ ஒரு ஆபீஸ மூடுனாங்களாம். அங்க கெடந்ததாம்."

"போன வாரமா," என்றார்.

"ஆமா. உங்க நல்ல நேரம்."

அவர் பெட்டியைப் பைக்குள் இறக்கத் தூக்கினார். பக்கவாட்டுத் தகடு அவர் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் துடைத்தேன், மையத்தின் முத்திரையைச் சுரண்டினேன், எண்ணை மாற்றினேன். பொட்டை நினைக்கவே இல்லை. ஒன்பது வருடமாக நானே வைத்துவரும் பொட்டு, என் கண்ணுக்கு அது தகட்டின் நிறமாகவே ஆகிப்போயிருந்தது.

சந்தியாகு பெட்டியை மறுபடி மேசை மேல் வைத்தார். கட்டைவிரலை முதல் பொட்டில் வைத்தார். மெதுவாக வரிசையில் நகர்த்திக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தினதில், ஆடிக்கு முன்னால் போன வருடம் வைத்ததில், விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

பிறகு அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். பொட்டு வரிசை மறையும்படி பெட்டியைச் சுற்றிக் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார்.

"ஐரினம்மா," என்றார். குரல் ரொம்ப அசதியாக இருந்தது. "இங்க பக்கத்துல பெயிண்டுக் கடை இருக்கா? ரெஜினா பாக்குறதுக்கு முந்தி ஒரு பூச்சு அடிச்சிரணும்."

"இருக்கு அண்ணாச்சி. எதுத்தாப்புலதான்."